இரண்டு விரற்கடை

முதல் இரவு அவள் மழை என்றாள்.
நான் அவள் அழுகிறாள் என்று நினைத்தேன்.
கைப்பேசி வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தால்
கூடாரத்தின் கூரை முழுக்க
வேர்க்குரு போல் பொடிப்பொடியாய்த் தண்ணீர்.
வெளியே, முட்டுக்காட்டு வானத்தில்
ஒரு மேகம் கிடையாது.

பழைய ஆம்னி வேன். அதன் தலையில்
படப்பைக்காரர் ஒருவர் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட
மடக்குக் கூடாரம்.
எர்ணாவூரில் எங்களுக்கு ஒன்றரை அறை,
அதில் ஏழு பேர்.
சனிக்கிழமை மட்டும் ஏணி ஏறி
இருவராகிறோம்.

எனக்குத்தான் வெட்கம்.
பதினாறு வருடமாக ஏசி மெக்கானிக்.
அண்ணா நகர் மாடிகளில் தொங்கிக்கொண்டு
காற்றைப் பிழிந்து, வடிந்த நீருக்குக்
குழாய் வைத்து வெளியே அனுப்புகிறவன்.
என் தலைக்கு மேலேயே ஒழுகுகிறது
எங்கள் மூச்சு.

மறுவாரம் வித்தையைக் காட்டினேன்.
எதிரெதிர் ஜன்னல்களில்
இரண்டு விரற்கடை திறப்பு,
ஒன்று மேலே, ஒன்று கீழே.
வலை போட்டும் கோவளத்துக் கொசுவுக்கு
வழி தெரியும், அது வேறு.
மெத்தைக்கடியில் காற்று ஓட ஒரு பிளாஸ்டிக் தட்டி.
ஈரத் துண்டு வேனுக்குள். டீ அடுப்பு கீழே மண்ணில்.
ஷூ பெட்டிகளில் கிடக்குமே,
தின்னாதே என்று எழுதிய பொட்டலங்கள்,
அதில் நாற்பது,
பழைய காலுறைகளில் முடிந்து நான்கு மூலைக்கும்.
செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி
பேட்டரியில் முனகியபடி.

ஆனாலும் சென்னைக் காற்று சென்னைக் காற்றுதான்.
வெளியே இருப்பதும் பிழியாத துணி.
ஈரத்தை வைத்து ஈரத்தை விரட்டுவியா என்றாள்.
விரட்ட முடியாது, உட்காரவிடாமல் செய்யலாம் என்றேன்.
உள்ளும் புறமும் ஒரே சூடாய் இருந்தால்
அதற்கு ஒட்ட இடமில்லை.

காலையில் கூரையைத் துடைத்து, துணியைப் பிழிந்து
டம்ளரில் அளப்பேன். நோட்டில் குறிப்பேன்.
முதல் வாரம் முக்கால். பிறகு அரை.
பொங்கல் கழிந்த வாரம் கால்.

மண்டையில் கனம் ஏறிய ஒரு ராத்திரி
சொல்லிவிட்டேன்:
"ரெஜினா, பேசினாலும் ஈரம் ஏறும், தெரியுமா?
சும்மா மூச்சு விடறதைவிட அதிகம்."
வேடிக்கையாகத்தான் சொன்னேன்.
அவள் சிரித்தாள். அப்புறம் பேசவில்லை.
அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும்.
ஏறுவாள், படுப்பாள்,
சுவர்ப் பக்கம் திரும்புவது போல்
துணிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.
டம்ளரில் நாலு சொட்டு.
நோட்டில் அதைவிட நல்ல கணக்கு இல்லை.

ஏழு பேருக்கு நடுவே
ஆறு நாள் அடக்கியதை
ஏணி ஏறி வந்துதான் அவள் இறக்கி வைத்திருக்கிறாள்.
இது விளங்க
ஒரு மெக்கானிக்குக்கு மூன்று சனிக்கிழமை.

மாசிக் கடைசி.
உப்பங்கழியில் கட்டிப்போட்ட படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
ஜன்னலில் விரல் வைத்து அளந்தபடி,
முகத்தைப் பார்க்காமல்,
"நீ பேசு" என்றேன்.
"துடைக்கத் துணி இருக்கு."

கொஞ்ச நேரம் விசிறி மட்டும்.
பிறகு ஆரம்பித்தாள்.
கம்பெனி சூப்பர்வைசரிலிருந்து,
என் அக்காவின் பீரோ சாவியிலிருந்து,
போன வருடம் நான் கேட்காமலே விட்ட
ஒரு கேள்வியிலிருந்து.
பாலத்தில் கடைசி லாரி போன பிறகும்.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து விழித்தேன்.
ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.
வீட்டு மொட்டைமாடிக் கொடியில்
கூடாரத்தை விரித்துப் போட்டு,
நாலு கிளிப் கவ்வவிட்டு,
படி இறங்கும்போதுதான் நினைவு வந்தது:
டம்ளர். அளக்கவே இல்லை.