எந்தத் தரப்பு

அரைநாள் விடுப்பு. காரணம்: சொந்த வேலை.
ரைஸ்மில் முதலாளிக்கு அது போதும்.
ஒன்பதே காலுக்குத் திருத்துறைப்பூண்டியில் பஸ்,
கரியாப்பட்டினம் தாண்டினால்
காற்றில் உப்பு.

வேதாரண்யம் கோர்ட்டில் கடைசி பெஞ்ச்,
மின்விசிறி எட்டாத மூலை.
கையில் நாற்பது பக்க நோட்டு,
முதல் ஏழு பக்கம் மகனின் வாய்ப்பாடு.
செபஸ்தியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்:
எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எழுது.
வக்கீல் வந்தாரா, எழுது.
பிள்ளை சாப்பிட்டதா, பார்.
வாயை மட்டும் திறக்காதே.

டவாலி மூன்று தடவை கூப்பிட்டார்.
மரிய கொரட்டி.
மரிய கோரட்டி.
மரியா குறட்டை.
வக்கீல் வரிசை சிரித்தது.
கொரெற்றி, என்று நோட்டில் எழுதினேன்,
அவள் வந்த ஊரில் எழுதுவதுபோல.

இடுப்பில் பிள்ளை. பக்கத்தில் பெண் போலீஸ்.
பருத்தித்துறையில் ஏறிய பைபர் படகு
கோடியக்கரைச் சேற்றில் இறக்கிவிட்ட நேரம்
அதிகாலை நாலு பத்து என்கிறது எஃப்.ஐ.ஆர்.
இருட்டில் யார் மணி பார்த்தார்களோ.

"சொன்னது புரிஞ்சுதா?"
"விளங்கேல்ல ஐயா."
தாய்மொழி தமிழ்,
மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை
என்று தட்டச்சு ஓடியது.
"காவலை நீட்டிக்கிறோம், சரியா?"
"ஓம்."
தட்டச்சர் விரலைத் தூக்கி
நிமிர்ந்து பார்த்தார்,
கோயிலில் நிற்கிறோமா என்பதுபோல.

பதினொன்று ஐம்பத்திரண்டு முதல் ஐம்பத்தாறு வரை.
வாய்தா.

திரும்பும் வழியில் வாய்க்கால் பிளந்து கிடந்தது.
கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக
காலையில்தான் ரேடியோவில் சொன்னார்கள்.
அதற்கும் ஒருத்தி வேண்டும்,
மதகில் உட்கார்ந்து
வரவில்லை என்று தேதி போட்டு எழுத.

அடுத்த முறையும் அதே பச்சைச் சேலை.
அதற்கடுத்த முறையும்.
என் பெயர் அவளுக்குத் தெரியாது,
முகம் கூட்டத்தில் கரைந்துவிடும்,
நிறமாவது நினைவிருக்கட்டும்.

நாலாம் வாய்தாவில் நடுவர் கண்ணாடியை இறக்கினார்.
"பின்னாடி அந்தம்மா யாரு? எந்தத் தரப்பு?"
எழுந்தேன். நோட்டு கீழே விழுந்தது.
"தரப்பு இல்லீங்க. பார்க்க வந்தேன்."
"இங்க பார்க்க என்ன இருக்கு?"
பதில் இருந்தது,
சொல்லத் தெரியவில்லை.
உட்காரச் சொன்னார்.

அன்று அவள் வழக்கு பதினோரு நிமிடம்.
பிள்ளைக்குப் பால் கிடைக்கிறதா என்று ஒரு கேள்வி.
என்னாலா, தெரியாது.
நிமிடத்தை எழுதினேன்.
காரணம் என்ற கட்டம் என் நோட்டில் இல்லை.

தாழ்வாரத்தில் அவளை நடத்திக்கொண்டு போனார்கள்.
என்னருகே வந்ததும் நடை தளர்ந்தது.
நன்றி என்பாளோ, அழுவாளோ,
இரண்டுக்கும் பயந்து சுவரைப் பார்த்தேன்.

"அக்கா," என்றாள், பல் தெரிய,
"உங்களுக்கு வேற சீலை இல்லையோ?"

பெண் போலீஸும் சிரித்துவிட்டாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாய்தா பத்தொன்பதாம் தேதி.
பச்சையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.