பெயருக்கு முன் ஒரு நெளிவு

பதினாறாவது வளைவில் பஸ் திணறும்போது
பெலிக்ஸின் மூன்றாவது அழைப்பு.
"மழை கொட்டுது மேடம்.
கீழ்ப்பத்தி வால்வு விடிய விடியத் திறந்தே கிடக்கு.
மிளகுக்கொடி காலடியெல்லாம் சேறு."

ராத்திரி ரெண்டு மணிக்கு
வெள்ளச்சி கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு போய்
கைத்திருகால் மூடிவிட்டு வந்தாராம்.
பத்து நிமிஷத்தில் மறுபடி திறந்ததாம்.
"உள்ளேயிருந்து யாரோ தள்ளுறாங்க" என்கிறார்.
நான் மறுக்கவில்லை.

சில்வர் ஓக் மரங்களின் இடுப்பில்
நாற்பத்திரண்டு பெட்டிகள் கட்டியிருக்கிறோம்.
ஒரு ஜோடி பேட்டரியில் இரண்டு வருஷம் தள்ளவேண்டும்.
ஞாபகசக்தி ஒரு தபால் அட்டை அளவு.
அதைப் போய்
'நாகலூர் எஸ்டேட், கீழ்ப்பத்தி, சொட்டுநீர், வால்வு, திறப்பு'
என்று முழுப்பெயர் சொல்லி அழைத்தால்
கேட்டு முடிப்பதற்குள்ளேயே களைத்துவிடும்.
அதனால் பெயரை அரைத்து
எண்ணாக்கி அனுப்புகிறோம்.
விழுதைப் பார்த்து
எந்தக் கொடியின் மிளகு என்று
யாரால் சொல்ல முடியும்?

இரண்டு பெயர் ஒரே எண்ணாகிவிட்டால் என்று
வாங்கும்போதே கேட்டேன்.
விற்றவர் சிரித்தார்.
"நூற்றேழு கோடி எண் இருக்கு.
உங்ககிட்ட இருக்கறது இருநூத்திப் பதினாலு பேரு.
நாற்பதாயிரத்துல ஒண்ணுகூட வராது மேடம்."

அந்த ஒன்று
நாகலூரில் பஸ் இறங்கி
எங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது.

ஏழு வால்வு. ஏழும் திறந்திருந்தன.
ஒன்று மட்டும் என்றால் கோளாறு,
ஏழும் என்றால் எங்கள் கணக்கு.
பனியில் மூடிய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
லேப்டாப்பில் தேடினேன்.
'மழை, இன்றைய மொத்தம்.'
'வால்வு, திறப்பு விழுக்காடு.'
அரைத்தால் இரண்டும் ஒரே விழுது.
சேலத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
இன்று இவ்வளவு மழை என்று
நாங்கள் அக்கறையாகச் சொல்லச் சொல்ல
அது அவ்வளவு திறந்திருக்கிறது.
நாற்பது மில்லிமீட்டருக்கு நாற்பது விழுக்காடு.
சொல்பேச்சு கேட்கிற பிள்ளை.

இதற்கு வழி உண்டு, ரொம்பச் சின்ன வழி.
ஒரு பெயரை அப்படியே விடு.
இன்னொன்றின் முன்னால் ஒரு நெளிகோடு போட்டு
மறுபடி அரை.
எண் மாறிவிடும்.
யாருக்குக் கோடு என்பதைப் பெட்டி
தன் தபால் அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளும்.
பழைய எண்ணால் யாராவது கூப்பிட்டால்
எதையும் தொடாமல்
"ரெண்டு பேர் இருக்காங்க, யாரு வேணும்?" என்று
இரண்டு முழுப்பெயரையும் சொல்லும்.
வாயைத் திறக்கவே கணக்குப் பார்க்கிற பெட்டி
வாழ்நாளில் அந்த ஒரு தடவை.

யாருக்குக் கோடு?

எட்டாம் வகுப்பில் நான் பெ. பூங்கோதை இரண்டு.
ஒன்றாம் பூங்கோதை
அப்பாவுக்கு மாற்றலாகி ஓசூர் போய்விட்டாள்.
இரண்டு போகவில்லை.
பத்தாவது சான்றிதழ் வரும்வரை
ஆளில்லாத ஒன்றுக்குப் பின்னால்
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வால்வுக்குப் போடுவதுதான் முறை.
அகரவரிசையில் அது பின்னால் வருகிறது.
மழைக்குப் போட்டேன்.
மழைக்கு என்ன, யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன?
அலுவலகத்தில் கேட்டால்
ஏதாவது காரணம் சொல்லவேண்டும்.

நாலரை மணிக்கு ஏழும் மூடின.
வெள்ளச்சி கீழ்ப்பத்தியில் பத்து நிமிஷம் நின்றார்.
பிறகு இன்னொரு பத்து நிமிஷம்.

"என்ன பண்ணீங்க?" என்றார் பெலிக்ஸ்.
"ஒரு பேருக்கு முன்னாடி
சின்னதா ஒரு நெளிவு."
"அதுக்கா மலையேறி வந்தீங்க?"
காபி கொண்டுவரச் சொன்னார்.
சர்க்கரை தீர்ந்துவிட்டதாம்.

மழை அறுபத்தொன்று.
வால்வு பூஜ்யம்.
ஏழரை பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை,
இறங்கும்வரை கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.