மீதம் பதினான்கு

வயிற்றுப்போக்குக்கு எழுதிய சீட்டு.
மெட்ரோனிடசோல், மூன்று வேளை, ஐந்து நாள்.
ஒரு அட்டையும் பாதியும்.
பந்தலூரில் விடாமல் நான்காம் நாள் மழை.
நனைந்த பத்து ரூபாய்த் தாள்களை
ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள் புஷ்பராணி.
கடைப் படியில் மூன்று சொட்டு ரத்தம்.
"காலைல அட்டை கடிச்சுது, இன்னும் நிக்கல."
"அட்டைன்னா அப்படித்தான்" என்றேன்,
வேறு அட்டையை அவள் கையில் கொடுத்தபடி.

சேரம்பாடி பஸ் வளைவு திரும்பிய பிறகுதான்
கீழ் டிராயர் நினைவுக்கு வந்தது.
மாதாமாதம் அதிலிருந்து
வார்ஃபரின் எடுத்துத் தருவதும் இதே கை.
அது கோழிக்கோட்டுச் சீட்டு.
இதுவும் அதுவும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.
எழுதிய இருவர் மேலும் குற்றமில்லை,
மாத்திரைகள் மேலும்.
ஈரலின் வாசலில்
ஒன்று குறுக்கே உட்கார்ந்துகொள்ளும்,
மற்றது வெளியேற முடியாமல் உள்ளேயே சேரும்,
பிறகு ரத்தத்துக்கு
நிற்கத் தெரியாமல் போகும்.
பரீட்சையில் எழுதியிருக்கிறேன் இதை.
ஐந்து மார்க்.

போன் போட்டால்
மலையாளத்தில் ஒருத்தி எல்லைக்கு வெளியே என்கிறாள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வாஹித்தின் ஜீப்பில் ஏறினேன்.
வழியில் யானை.
இருபது நிமிஷம்
அது மூங்கில் தின்றது
நான் நகம் தின்றேன்.

லைனில் கடைசி வீடு.
"இப்பத்தான் ஒண்ணு போட்டேன்" என்று பயந்தாள்
எதையோ எடுத்துவிட்டவள் போல.
தப்பு என்னுடையது என்று
சொல்லத்தான் வந்தேன், வாய் வரவில்லை.
பதினான்கையும் வாங்கிக்கொண்டேன்.
காலையில் ரத்தம் பார்க்கணும்,
ஈறில் கசிந்தால் ராத்திரியே கூப்பிடு,
கோழிக்கோட்டுக்கு நானே பேசுகிறேன்,
அதற்குள் நீயாக எதையும் நிறுத்தாதே, சேர்க்காதே.
தலையாட்டிவிட்டுக் கட்டஞ்சாயா வைத்தாள்.

மழை விட்டது.
அப்போதுதான் கேட்டது
டிக், டிக், டிக்.
சுவரில் கடிகாரம் தேடினேன்.
ஒரு காலண்டர், இரண்டு வெறும் ஆணி.
"அது அம்மா" என்றாள் மகள்
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்.
"வால்வு. கரண்ட் போனா இன்னும் நல்லா கேக்கும்."

இப்போது தலைவலி மாத்திரைக்கு வருபவரிடமும்
வேறென்ன சாப்பிடுறீங்க, எந்த ஊர் டாக்டர்
என்று கேட்கிறேன்.
வரிசை தபால் ஆபீஸ் வரை நீள்கிறது.
"மருந்து குடுக்கறியா, இல்ல
பொண்ணு பாக்க வந்திருக்கியா?"
என்று நேற்று கத்தினார் அப்புக்குட்டன்.
அவர் சட்டைப் பையில்
மூன்று சீட்டு இருந்தது.