அங்க அடையாளம்

காலடிப்பேட்டை மார்க்கெட் பின்னால்
ரீசார்ஜ் கடைக்கு மேல் என் கடை.
கரன்ட் போனால்
சிங்கம் பிடரி இல்லாமல் காத்திருக்கும்.

இந்த வருஷம் மட்டும் பதினேழு சிங்கம்.
ஓநாய் ஒன்பது,
ஒன்பதும் நிலாவைப் பார்த்து ஊளையிட வேண்டுமாம்.
தண்டையார்பேட்டையில் பிறந்தவன்
ஓநாயை எங்கே பார்த்தான்?
பார்த்ததெல்லாம் நாய்.
நாயை யாரும் தோளில் கேட்பதில்லை.

ஊசி இறங்கியதும்
சிங்கத்தின் சொந்தக்காரன் அம்மா என்கிறான்.
ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிடுகிறேன்.

கன்டெய்னர் ஓட்டும் தணிகாசலத்தின் வயிற்றில்
ஆறு வருஷம் முன்பு போட்ட புலி
கன்னம் உப்பிப் பூனையாகிவிட்டது.
அவர் மகள் அதன் மீசையைத் தடவி
பால் குடிச்சியா என்று கேட்கிறாளாம்.
அவருக்கு வருத்தமில்லை.

எபினேசர் கழுத்துத் தேளுக்கு
நாலு மணி நேரம் ஆனது, கொடுக்குக்கு மட்டும் ஒன்று.
ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் ஒரே வரி:
கழுத்தின் வலப்பக்கம் தேள், மூன்று அங்குலம்.
இப்போது எங்கே கண்ணாடி உடைந்தாலும்
முதலில் தேளைக் கூப்பிடுகிறார்கள்.
மூடித் தர முடியுமா என்று வந்தான்.
மூட அதைவிடப் பெரிய மிருகம் வேண்டும்.
யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன்தான்.

போன செவ்வாய் மரகதவல்லி வந்தாள்,
எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் துழாவுகிறவள்.
கூழைக்கடா போடணும் என்றாள்.
போனில் காட்டினேன்: வெள்ளை, விரித்த சிறகு.
"இது இல்ல. எண்ணெ வந்த அன்னிக்கு
படகு விளிம்புல குந்திக்கினு இருந்திச்சே, அது."
சிறகை விரிக்கட்டுமா?
"அதால முடியலியே."
என்ன கலர்?
"கறுப்பு. மொத்தமும்."
மொத்தமும் கறுப்பென்றால்
என்ன பறவை என்றே தெரியாதே.
"எனக்குத் தெரியும்ல."

முழங்கைக்குக் கீழே இடம் காட்டினாள்.
அன்று கையில் எண்ணெய் ஏறி நின்ற கோடு அது.
அதைத் தாண்டி ஒரு புள்ளியும் கூடாது.

இரண்டரை மணி நேரம். அம்மா என்று சொல்லவில்லை.
கடைசியில் மட்டும்,
"கண்ண வுட்டுடு. அது தொறந்துதான் இருந்திச்சு."
எள்ளளவு தோலை அப்படியே விட்டேன்.

எல்லாரிடமும் சொல்வதுதான், அவளிடமும் சொன்னேன்:
பத்து நாள் தண்ணியில் கை வைக்கக் கூடாது.
சிரித்தாள்.
"எறாலுக்கு நீ லீவு சொல்லிடுறியா?"