பதினொன்று புள்ளி இரண்டு

பாதாம் மாவு கால் கிலோ
பதினெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
சிரம்பான் பேரங்காடியில் கண்ணாடிக் கதவுக்குள்
நகைபோல் நிற்கிறது.
எடுத்தேன், கையாலேயே எடை பார்த்தேன்
(செம்பனை ஆலை வாசலில் பதினாறு வருடமாய்
லாரிகளை நிறுத்து எழுதுகிறவள் நான்),
திருப்பி வைத்தேன்.
அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்
வாங்கி வந்தது ஒரு குடை.

கிளினிக்கில் மிஸி சிவப்பு மையில் எழுதித் தந்திருந்தாள்:
பதினொன்று புள்ளி இரண்டு.
சோறு ஒரு கைப்பிடி. ரொட்டி, மீ, சீனி போட்ட கோப்பி
எதுவும் கூடாது.
கூடாதது தெளிவாக இருந்தது.
கூடுவதை எங்கே விற்கிறார்கள் என்று
அவளும் சொல்லவில்லை,
சுவரொட்டியில் ஒரு காலோடு சிரிக்கும் மனிதரும்
சொல்லவில்லை.

புக்கிட் தெம்புரோங்கில் கடைத்தெரு இரண்டே வரிசை.
முதல் வரிசையில் மினி மார்க்கெட்.
'சீனி குறைவு' என்று பச்சை எழுத்தில் பிஸ்கட்.
பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்,
கடன் பத்திரத்தைப் படிப்பதுபோல்.
சீனிதான் குறைவு.
மாவு குறையவே இல்லை.

அடுத்தது நோராய்னியின் ரொட்டிக்கடை.
தேங்காய் மாவில் ஒன்று சுட்டுத் தர முடியுமா என்றேன்.
முதல் வாரம் செங்கல்.
இரண்டாம் வாரம், ஆறு முட்டை உடைத்து ஊற்றி,
நனைந்த செங்கல்.
மூன்றாம் வாரம் அடுப்படியில் நின்றபடியே
இருவரும் வெண்ணெய் தடவித் தின்றோம், பேசாமல்.
இப்போது வியாழன்தோறும் நாலு சுடுகிறாள்.
ஒன்று எனக்கு. ஒன்று தபால்காரருக்கு.
ஒன்று யாருக்கென்று சொல்ல மாட்டாள்.
ஒன்று விற்காமல் கிடக்கும்.

அதே கடையில், தெரிந்த முகம் இல்லாத நேரம் பார்த்து
காயா பன் ஒன்று வாங்கி
மோட்டார் கொட்டகையில் தின்றதை
மிஸியிடம் சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்.

மீதி எல்லாம் ஆ ஹெங் கடையில்.
இத்தனை காலம் அரிசி மூட்டைக்கும் மீகூன் கட்டுக்கும் நடுவே
நேராய்ப் போய் நேராய்த் திரும்பியிருக்கிறேன்.
இந்த முறை சுவரோரம் நடந்தேன்.
வாழையிலையில் பொதிந்த தெம்பே இன்னும் சூடாய்.
வாளித் தண்ணீரில் தௌகுவா.
தலை கிள்ளிய நெத்திலி, கிள்ளாத நெத்திலி,
இரண்டுக்கும் மூன்று வெள்ளி வித்தியாசம்;
கிள்ளாததே போதும், எனக்கு விரல் இருக்கிறது.
ஆணியில் தொங்கிய பெத்தாய்.
ஒரு தட்டு முட்டை.

"முறுக்கு வேணாமா? இன்னைக்குத்தான் வந்துச்சி."
"இனிப்பு நீர், தவுக்கே."
அவர் குனிந்தார்.
கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய மைலோ டின் வந்தது.
உள்ளே கறிவேப்பிலையும் நெத்திலியும் சேர்த்து வறுத்த கச்சான்.
டின்னுக்குப் பக்கத்தில்
விரலில் ரத்தம் குத்திப் பார்க்கும் கருவி.
"இது விக்கிறதுக்கு இல்ல. எனக்கு."
ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் கொட்டினார்.
"நான் ஒம்போது நாலு. நீ?"

சொன்னேன்.
பின்னால் வரிசையில் நின்ற ராயப்பன்
காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தான்.
"ஒன்னு ஒன்னு ரெண்டு. முன்னால ஒரு பூஜ்யம்.
பெரிய நம்பர்க்கா இது."
என் ரத்தத்தின் மேல்
இரண்டு வெள்ளி கட்டினான்.

புதன் குலுக்கலில் ஒன்றும் விழவில்லை.
சனியிலும் இல்லை.
மூன்று மாதம் விடாமல் கட்டியிருக்கிறான்,
நான் விடாமல் கச்சான் வறுத்ததைப்போல.

நேற்று கிளினிக்கிலிருந்து வரும் வழியில்
மோட்டாரை நிறுத்திக் கேட்டான்,
"இப்ப எவ்வளவுக்கா?"
"ஏழு புள்ளி ஒன்பது."
விரல் விட்டு எண்ணினான்,
முகம் சுருங்கியது.
"முன்னால ரெண்டு பூஜ்யம் போடணுமே.
அது எங்க வரப் போவுது?"