பதினேழாம் வரி

வரவுசெலவுத் தாளில் பதினேழாம் வரி:
'தொண்டர், ஊழியர் நலன்: நாற்பது பவுண்டு.'
ஆண்டுக்கு.
பதினாறாம் வரி எலிப்பொறி. அதற்கு அறுபது.

கிரிம்ஸ்பியில், மீன்சந்தைக்குப் பின்தெருவில்,
மூன்று மாடி, ஒரு கழிவறை.
சம்பளக்காரர் ஒன்றரைப் பேர்; அந்த அரை நான்.
மற்றவர்கள் எல்லாரும் சும்மா வருகிறவர்கள்,
சும்மா என்ற சொல்லின் முழுக் கனத்தோடும்.

மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள்
கடலோடு போன ஒருவனின் கம்பளிக் கையுறை.
ஒற்றை. இடது கை.
அதற்கு ஈரப்பதம் ஐம்பது சதவீதம் இருக்க வேண்டும்.
ஐம்பத்தைந்தைத் தாண்டினால்
நடுச்சாமத்திலும் என் கைப்பேசி கூவும்.
ஓடியிருக்கிறேன்,
இரவு உடைக்கு மேல் கோட்டு மாட்டி.

பெட்டிக்கு வெளியே, மடக்கு நாற்காலியில்
பெரில் ஸ்டானிஃபோர்த்.
செவ்வாயும் வியாழனும், பத்திலிருந்து இரண்டு வரை.
அவருக்கு மானி எதுவும் பொருத்தவில்லை நாங்கள்.

நவம்பரில் வராமல் நின்றார்.
'முழங்கால்' என்று தகவல்.
பிஸ்கட்டோடு பார்க்கப் போனேன்.
தரையில், பூனைக்குப் பக்கத்தில்,
முழங்காலை மடக்கித்தான் உட்கார்ந்திருந்தார்.
'அந்தக் கையுறையைக் கண்டதும் சனங்களுக்கு வாய் திறந்துவிடுகிறது.
அப்பா, அண்ணன், அலை, கப்பலின் பெயர்.
அவரவர் செத்தவரை என் மடியில் கிடத்திவிட்டு
கீழே காந்தப் பொம்மை வாங்கப் போகிறார்கள்.
நான்தான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறேன்.'

மனநலப் பட்டறை நடத்த ஆள் கேட்டோம்.
அரை நாளைக்கு முந்நூற்றைம்பது.
இலவசமாக ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பினார்கள்:
'ஆழ்ந்து மூச்சு விடவும்.'
எங்கள் மேல்மாடியில் விட்டால்
மூச்சு புகையாகத் தெரியும்.

ஆகவே ஒரு கெட்டில், பதினைந்து பவுண்டு.
தர்மக்கடைத் திண்டு இரண்டு, மூன்று பவுண்டு.
தேயிலை. கோடு போட்ட ஒரு நோட்டு.
மிச்சம் மாரெக்கின் பஸ் காசு.
நான்கு மைல் நடந்து வருகிறவன், கேட்கமாட்டான்;
அவன் கோட்டுப் பையில் வைத்துவிட வேண்டும்.

கையுறைக்குப் பக்கத்தில் இனி
யாரும் ஒரு மணிக்கு மேல் இருப்பதில்லை.
மாலையில் கால்மணி முன்னதாகக் கதவடைப்பு.
அந்தக் கால்மணி கெட்டிலைச் சுற்றி.
பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.

'எத்தனை பார்வையாளர் போவார்கள்,
கணக்குப் பார்த்தீர்களா?'
பொருளாளர் க்ராப்ட்ரீ கேட்டார்.
பார்த்தேன். ஆண்டுக்குப் பதினொரு பேர்.
ஒரு வியாழன் நீங்களே மேலே உட்காருங்கள் என்றேன்.
உட்கார்ந்தார். யாரோ ஒருவர்
முக்கால் மணி நேரம் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார்.
இறங்கி வந்து, மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு
கால்மணிக்குக் கையெழுத்திட்டார்.
நாற்பதை அறுபதாக்க மட்டும் மாட்டாராம்.

நோட்டின் முதல் பக்கத்தில், கடிதம் தொடங்குகிற மாதிரி,
'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதியிருந்தேன்.
மாரெக் அர்த்தம் கேட்டான். அதிலிருந்து
கையெழுத்துக்குப் பதிலாக எல்லாரும்
'நலம்' வரையத் தொடங்கினார்கள்.
தலைப்புள்ளி மறந்து
நலம, நலம என்று பக்கம் பக்கமாக.
'புள்ளி வைக்காமல் சொல் முடியாது,' திருத்திக்கொண்டே இருந்தேன்.
நாள் சரியில்லாதவர்கள்
தெரிந்தே புள்ளியை விட ஆரம்பித்தது எப்போது?
யாரும் விதி போடவில்லை.
புள்ளி இல்லாதவருக்கு
அன்று முதல் கோப்பை.

என் வேலை மார்ச்சோடு முடிகிறது.
நிதி இல்லை என்ற கடிதம்
ஒன்பது நாளாகக் கைப்பையில்.
நேற்று அவசரமாக எழுதிவிட்டுப் படியேறினேன்.
நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார் பெரில்,
இந்த முறை முழங்கால் உண்மையிலேயே வலிக்க.
'புள்ளி எங்கே?'

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி கூவியது.
ஐம்பத்தாறு சதவீதம்.

'அது கால்மணி பொறுக்கும்,' என்றார்.
'நீ உட்கார்.'