எழுதியிருக்காது

தூண் என்று ஓர் ஊர்.
வந்த புதிதில் தமிழ்ப்பெயர் என்றே நினைத்தேன்;
எதைத் தாங்குகிறதென்றுதான் தெரியவில்லை.
ஆறு, கூரை போட்ட மரப்பாலம்,
ஆடியிலும் கை விறைக்கும் தண்ணீர்.

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ்.
எனக்கு அருளப்பர், அவளுக்கு யோவான்.
எனக்குப் பூசை, அவளுக்கு ஆராதனை.
ஞாயிறு காலை ஒரே பஸ்ஸில் ஏறி
வெவ்வேறு தரிப்பில் இறங்குவோம்.

மெழுகுதிரிக்கு, நெற்றிச் சாம்பலுக்கு,
செத்தவர்களுக்காக நான் முணுமுணுக்கும் செபத்துக்கு
சுகிர்தாவிடம் ஒரே கேள்வி:
"எங்க எழுதியிருக்கு, எமில்?"
என்னிடம் வசனம் இல்லை.
பேசாலையில் அப்படித்தான் செய்தார்கள் என்பது
ஒரு பதிலா?

வயிற்றில் இருக்கும்போதே வழக்கு.
"விசுவாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு
என்ன ஞானஸ்நானம்?"

இருபத்தாறாம் வாரம், மாசி மாதம்.
எண்ணூற்றுப் பத்து கிராம்.
பேர்னிலிருந்து வண்டி வர நாற்பது நிமிடம் என்றார்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நிறம்
மாறிக்கொண்டிருந்தது.

இரவுத் தாதி விரேனியிடம் தண்ணீர் கேட்டேன்.
ஊசிமருந்து கரைக்கும் சின்னக் குப்பி ஒன்றை உடைத்துத் தந்தாள்.
இதற்கு உங்கள் விதிகளில் இடம் உண்டா என்றேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
"எழுதியிருக்காது.
ஆனா இங்க எப்பவும் செய்வம்."
பிறகு எங்களுக்கு முதுகு காட்டி
எதையோ வாசிப்பதுபோல நின்றாள்.

மூன்று துளி.
"பிதா, சுதன்" வரை வந்தேன்.
அடுத்து நாக்கில் ஏறியது
போர்த்துக்கேயன் விட்டுப்போன பழஞ்சொல்,
இஸ்பிரீத்து சாந்து,
பொருள் கேளாமல் மூன்று தலைமுறை முழந்தாளிட்ட சொல்.
தொண்டையைத் தாண்டவில்லை.

சக்கர நாற்காலியிலிருந்து,
தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி,
"பரிசுத்த ஆவி" என்றாள் சுகிர்தா.
மனப்பாடமான வசனம்.
எந்த அதிகாரம் என்று சொல்லவில்லை.

வண்டி முப்பத்தொரு நிமிடத்தில் வந்தது.

இப்போது அவளுக்கு நாலு வயது.
பாலத்தில் நின்று வாத்துகளைத் திட்டுகிறாள்.
நாங்கள் இன்னும் வெவ்வேறு தரிப்பில்தான் இறங்குகிறோம்.
பிள்ளை ஒரு வாரம் என்னோடு, ஒரு வாரம் அவளோடு.

போன மாதம் கண்ணாடி தேடப்போய்
அவளுடைய வேதப்புத்தகத்தைத் திறந்தேன்.
முதல் ஆகமத்துக்கும் முன்னால்,
அச்சு விழாத வெள்ளைப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு தேதி,
அதிகாலை 3.40,
தண்ணீர்.

அதற்கு என்ன பெயரென்று
எழுதியிருக்கவில்லை.